காய்ச்சினா சரியாயிடும்ல?

போர்வெல் தண்ணில ஆர்செனிக்ங்கிற விஷம் இருக்கான்னு டெஸ்ட் பண்ண போன வீட்ல, அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி. "காய்ச்சி குடிச்சா சரியாயிடும்ல தம்பி?" நான் டெஸ்ட் கிட்டை பைக்குள்ள அடுக்கிட்டே, "காய்ச்சி குடிக்கிறது நல்லதுதான்க்கா"ன்னுட்டு கிளம்பிட்டேன். அவ்ளோதான் பேச்சு.

டெஸ்ட் பேப்பர் மஞ்சள் தாண்டி ப்ரௌன் பக்கம் போயிட்டிருந்துச்சு, லேப்ல பார்த்தா லிட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 10, பங்களாதேஷ்ல 50 வரைக்கும் விடுறாங்க, இது அதையும் தாண்டிடுச்சு. ஆர்செனிக்குக்கு நிறம், வாசனை, ருசி எதுவும் கிடையாது, காய்ச்சினாலும் போகாது, தண்ணிதான் ஆவியாகும், அது அப்படியே தங்கும். தெரியாம சொல்லல. ட்ரெயினிங்ல இதை மத்தவங்களுக்கு சொல்லிக்குடுத்ததே நான்தான்.

வயித்துப்போக்குக்காக வருஷக்கணக்கா வீடு வீடா போய் "காய்ச்சி குடிங்க"ன்னு சொன்ன வாய், பழக்கத்துல வந்துடுச்சு. (பங்களாதேஷ்லயும் குளத்து தண்ணியால குழந்தைங்க சாகுதுன்னுதான் 1970கள்ல யுனிசெஃப் உதவியோட குழாய்க்கிணறு போட்டாங்க, ஆர்செனிக் இருக்கான்னு அப்போ யாரும் பார்க்கல, 1993லதான் தெரிஞ்சுச்சு. ஆனா அவங்களுக்கு தெரியாது, எனக்கு தெரியும், அதை இதோட சேர்க்கிறது கொஞ்சம் ஓவர்தான்.)

பத்து நாள் கழிச்சு ரிசல்ட்டோட போனா, அக்கா தண்ணிய பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சிட்டு இருக்காங்க. 60 இருந்தது 120 ஆகியிருக்கும். "நீங்க நல்லதுன்னு சொன்னீங்களே தம்பி, அதான் நல்லா காய்ச்சுறேன்"ங்கிறாங்க.

உள்ளங்கை தடிக்கிறது, தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை கேன்சர் எல்லாம் பல வருஷம் குடிச்சு வர்றது, அவங்க ஏற்கனவே அத்தனை வருஷம் குடிச்ச தண்ணிக்கு முன்னாடி இந்த பத்து நாள் பெருசா ஒண்ணும் இல்ல. கணக்கு சரிதான், ஆனா ராத்திரி தூக்கம் வரணும்னு நான் போட்ட கணக்கு அது.

அவங்ககிட்ட நான் சொன்னது வேற. "அன்னைக்கு குளத்து தண்ணிய சொன்னேன்க்கா, அதுலதான் கிருமி இருக்கும், இந்த போர் தண்ணிய குடிக்கவும் சமைக்கவும் வேணாம்"னேன். குளத்தை நினைச்சுதான் சொன்னேனா? இப்ப யோசிச்சா அப்படித்தான்னும் தோணுது. அன்னைக்கு குளத்தைப் பத்தி பேச்சே வரல.

"துணி துவைக்க, கை கால் கழுவ ஆகும்ல?"ன்னு கேட்டாங்க. ஆகும்க்கா, தோல் வழியா பெருசா ஏறாதுன்னேன். சரியான பதில்தான். இருந்தாலும் வண்டில ஏறினதும் மொபைல்ல ஒரு தடவை பார்த்துக்கிட்டேன்.