அரசர்கள் வாங்காத அரச வண்டி

புகாட்டி கார் என்றதும் இன்றைக்கு யூடியூப் பார்க்கிற பையன்கள் சொல்வது இரண்டே விஷயம்: மணிக்கு 400 கிலோமீட்டர் வேகம், கோடிக்கணக்கில் விலை. அந்தப் பெயருக்கு இந்த மவுசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டிக் கிடக்கும் அல்சாஸ் பக்கம் போக வேண்டும். அங்கே இரண்டு ஊர்கள். மோல்சைம், வண்டி செய்த ஊர். முலூஸ், வண்டிகளைப் பதுக்கி வைத்த ஊர். இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பதுக்கிய ஊருக்கே போங்கள்.

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து மோல்சைமுக்கு லோக்கல் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர். அங்கே குடியிருக்கும் என் நண்பன், "இங்க என்னடா இருக்கு, ஒயின் குடிக்கத்தான் வருவாங்க" என்றான். பழைய மடாலயக் கட்டடம் ஒன்றில் ஊர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் புகாட்டி குடும்பத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சாந்த்-ழான் மாளிகை. இன்றைய புகாட்டி கம்பெனியின் தலைமையகம். வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். வேலிக்கு வெளியே நின்று மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

எத்தோரே புகாட்டி இத்தாலிக்காரர். 1881-ல் மிலானில் பிறந்தவர். அப்பா கார்லோ, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய மரச்சாமான் வடிவமைப்பாளர். தம்பி ரெம்பிராண்ட், மிருகங்களைச் சிலையாக வடித்தவர். எத்தோரே மட்டும் எஞ்சின் பக்கம் போனார். யார் யாருக்கோ வண்டி வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, 1909-ல் மோல்சைமில் மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸுக்கு வந்தது. ஆக, இத்தாலியர் ஒருவர் ஜெர்மன் மண்ணில் தொடங்கிய கம்பெனி பிரான்ஸின் பெருமை ஆகிவிட்டது.

அந்தப் பெருமையைச் சம்பாதித்துக் கொடுத்தது ரேஸ். 1921-ல் இத்தாலியின் பிரெஷாவில் முதல் நான்கு இடங்களும் புகாட்டிக்கு. 1924-ல் லியோன் கிராண்ட் பிரீயில் டைப் 35 என்ற ரேஸ் கார் வந்தது. சிசிலியின் மலைப்பாதைகளில் ஓடிய தார்கா ஃபுளோரியோ ரேஸில் 1925 முதல் 1929 வரை ஐந்து வருடமும் தொடர்ந்து புகாட்டியே ஜெயித்தது. 1929-ல் மொனாக்கோவில் நடந்த முதல் கிராண்ட் பிரீயும் அதற்குத்தான். அன்று ஓட்டியவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். பிறகு இரண்டாம் உலகப் போரில் இவரும் ரொபேர் பெனுவா என்ற இன்னொரு புகாட்டி ஓட்டுநரும் பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்காக ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸுக்குள் ரகசியமாக வேலை செய்தார்கள். இருவரும் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். இந்த நூற்றாண்டில் வந்த புதுக் கார்களில் சிலவற்றுக்கு வேய்ரோன், ஷிரோன் என்று பழைய ஓட்டுநர்களின் பெயரை வைத்தார்கள். இந்த இருவரில் ஒருவர் பெயரை வைத்திருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முலூஸுக்கு ஸ்ட்ராஸ்பூரிலிருந்து வேக ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோமொபைல் அருங்காட்சியகம் வரைக்கும் டிராம். ஒரு காலத்தில் பருத்தி மில்களும் துணி அச்சிடும் பட்டறைகளுமாக இரைந்த ஊர். அருங்காட்சியகம் இருப்பதும் ஒரு பழைய நூல் மில்லுக்குள்தான். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கார் அல்ல, விளக்குக் கம்பங்கள். பாரிஸில் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் நிற்குமே, அதே மாதிரி வார்ப்பு விளக்குகள், 800-க்கும் மேல். அவற்றுக்கு நடுவே சரளைக்கல் பரப்பிய பாத்திகளில் வரிசை வரிசையாகக் கார்கள். கூரையைப் பார்த்தால் மில். தரையைப் பார்த்தால் பாரிஸ். இப்படி ஒன்றை யார் செய்வார்கள் என்று தோன்றும்.

செய்தவர்கள் ஹான்ஸ் ஷ்லும்ஃப், ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற அண்ணன் தம்பி, கம்பளி மில் முதலாளிகள். தம்பி ஃபிரிட்ஸுக்குக் கார் பைத்தியம், அதிலும் புகாட்டி என்றால் தலைகால் புரியாது. அறுபதுகளில் புகாட்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு வாங்கிக் குவித்தார். 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற சேகரிப்பாளரிடம் 30 புகாட்டிகளை ஒரே மூச்சில் 85,000 டாலருக்கு வாங்கினார். மூடாத ரயில் வேகன்களில் வரிசையாக ஏற்றிய புகாட்டிகளைப் படத்தில் பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது. வாங்கிய கார்களையெல்லாம் முலூஸ் மில்லுக்குள் பூட்டி வைத்து, ஒரு மெக்கானிக் படையையே அமர்த்திப் புதுப்பித்தார். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

எழுபதுகளில் ஜவுளித் தொழில் படுத்தது. 1976-ல் மில்களில் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், முற்றுகை. முதலாளிகள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் 7-ம் தேதி தொழிலாளர்கள் முலூஸ் மில்லின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். சம்பளப் பாக்கி, வேலை போன ஆத்திரம் எல்லாம் மனதில் இருந்திருக்கும். எதிரே விளக்குக் கம்பங்களும் 400-க்கும் மேற்பட்ட கார்களும். நம் பணம் எங்கே போனது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடைத்திருக்காது.

அவர்கள் அடித்து நொறுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை பெரிய ஆச்சரியம். எச்சரிக்கை விடுவதற்காகச் சின்ன ஆஸ்டின் கார் ஒன்றைக் கொளுத்தியதாகச் சொல்வார்கள். மற்றபடி, மில்லுக்குத் 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் வைத்து, ஏறக்குறைய இரண்டு வருடம் தங்கள் கைவசம் வைத்துக்கொண்டு, ஊர் ஜனங்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள். கடன்காரர்கள் கார்களைத் தனித்தனியாக ஏலம் விட்டிருந்தால் எல்லாம் உலகம் பூராவும் சிதறியிருக்கும். 1978-ல் பிரெஞ்சு அரசு அந்தச் சேகரிப்பைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிறகு நகராட்சியும் மற்ற பொது அமைப்புகளும் சேர்ந்து 44 மில்லியன் பிராங்குக்கு வாங்கி, 1982-ல் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தன.

சரி, கார்களுக்கு வருவோம். டைப் 35 முன்னால் குனிந்து முன் ஆக்ஸிலைப் பாருங்கள். பளபளவென்று தேய்த்த இரும்புத் தண்டு, உள்ளே பொள்ளல். அதன் இரு பக்கமும் சதுரமாகத் துளை விட்டு, ஸ்பிரிங் பட்டைகளை அந்தத் துளைக்குள்ளேயே நுழைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேலே வைத்துக் கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சக்கரமும் அப்படித்தான்: எட்டுப் பட்டை ஆரங்களோடு வார்த்த அலுமினியம், பிரேக் டிரம்மும் அதோடு ஒட்டியே வந்திருக்கிறது. மரச்சாமான்காரர் மகன் செய்த எஞ்சின் என்பது தெரிந்துவிடும். ஓரங்கள் பெட்டி மாதிரி சதுரம், குழாயும் ஒயரும் முடிந்த மட்டும் கண்ணில் படாது. அழகுக்காகச் சில இடங்களில் ரிப்பேரைக் கஷ்டமாக்கிவிட்டார் என்பது மெக்கானிக்குகளின் பழைய புலம்பல். நியாயமான புலம்பல்தான்.

உள்ளே தள்ளிப் போனால் ராயல். டைப் 41. முலூஸில் அசலே இரண்டு நிற்கின்றன. நீளம் ஆறு மீட்டருக்கும் மேல், எஞ்சின் 12.7 லிட்டர், எட்டு சிலிண்டர். ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்காலில் எழுந்து துதிக்கை தூக்கிய யானை, தம்பி ரெம்பிராண்ட் செய்த சிற்பம். கார் வருவதற்குப் பல வருடம் முன்பே, 1916-ல், அவர் தற்கொலை செய்துகொண்டார். எத்தோரே தனக்கென்று வைத்துக்கொண்ட 'கூப்பே நெப்போலியன்' அங்கே இருப்பதில் ஒன்று. பின்னால் உட்காருகிறவருக்குக் கூரை, ஜன்னல், திரை எல்லாம். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் வானம். என் நண்பன் பேனட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்துவிட்டு, "இத எந்தத் தெருவுலடா திருப்புறது?" என்றான்.

அரசர்களுக்கென்று போட்ட திட்டம், 25 வண்டி செய்வதாகக் கணக்கு. உலகப் பொருளாதாரச் சரிவு குறுக்கே வந்தது. மொத்தம் செய்தது 6. வெளியாட்களுக்கு விற்றது 3. வாங்கியவர்களில் ஒருவர் ஆயத்த ஆடை வியாபாரி அர்மான் எஸ்தெர். ராத்திரியில் ஓட்ட மாட்டேன் என்று ஹெட்லைட்டே வேண்டாம் என்றவர். இன்னொருவர் பிரசவ மருத்துவர். ஒரு அரசரும் வாங்கவில்லை. அல்பேனியா அரசர் சோக் கேட்டும், சாப்பாட்டு மேஜையில் அவர் நடந்துகொண்ட விதம் பிடிக்காமல் எத்தோரே மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. விற்காத சரக்குக்குக் கம்பெனிகள் இப்படிக் கதை கட்டிவிடுவது புதிதல்ல, நான் நம்பவில்லை. ஆனால் புகாட்டியின் இன்றைய கௌரவத்தில் பாதி, ஜெயித்த டைப் 35-ஐவிட, தோற்ற இந்த ராயலின் கணக்கில்தான் இருக்கிறது. நூறு விற்றிருந்தால் யாரும் இப்படிச் சுற்றி நின்று படம் எடுக்க மாட்டார்கள்.

மோல்சைமிலும் ஒரு கதவு சாத்தியது உண்டு. எத்தோரே தன் தொழிற்சாலையை அரண்மனை போல நடத்தியவர். குதிரைகள், வாடிக்கையாளர் தங்க விடுதி, தொழிலாளர்களுக்குத் தகப்பன் தான்தான் என்ற நினைப்பு. 1936-ல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் பரவியபோது மோல்சைம் ஆட்களும் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டார்கள். மனம் உடைந்துபோனவர் பாரிஸில் போய் இருந்துகொண்டார். பொறுப்பு மகன் ழானிடம் வந்தது. ழான் வடிவமைத்த டைப் 57-ன் வளைவுகளைப் பார்த்தால் அப்பாவை மிஞ்சியிருப்பார் என்று தோன்றும். 1939 ஆகஸ்ட் 11-ம் தேதி இரவு, அந்த ஜூனில் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஜெயித்த வண்டியை மோல்சைம் பக்கத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, குறுக்கே வந்த சைக்கிள்காரருக்காக ஒடித்து மரத்தில் மோதி இறந்தார். வயது 30. மூன்று வாரத்தில் போர். போருக்குப் பிறகு தொழிற்சாலையைத் திரும்பப் பெறவே எத்தோரே வழக்காட வேண்டியிருந்தது. 1947-ல் அவரும் போனார். மோல்சைமை ஒட்டிய தோர்லிசைம் கல்லறையில் குடும்பமே கிடக்கிறது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1963-ல் கம்பெனி கைமாறியது. ஆர்த்தியோலி என்ற இத்தாலியர் பெயரை வாங்கி, மோதெனா பக்கம் ஆலை கட்டி, 1991-ல் இபி110 வெளியிட்டு, 1995-ல் திவாலானார். 1998-ல் ஃபோக்ஸ்வாகன் வாங்கி மோல்சைமுக்கே திரும்பி வந்தது. 2005-ல் 16 சிலிண்டர், 1001 குதிரைத்திறன் வேய்ரோன். 2021-ல் குரோவேஷியாவின் ரிமாக் என்ற மின்சாரக் கார் கம்பெனியோடு கூட்டு. பழைய புகாட்டிகளின் பெயர் ரேஸில் விளைந்தது. இப்போதைய புகாட்டிகளுக்குத் தேர்ந்தெடுத்த சோதனைத் தடமும் ஸ்பீடோமீட்டரும் போதுமானதாக இருக்கிறது. திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆசை மட்டும் வரவில்லை.

முலூஸில் இன்னும் அரை நாள் கையில் இருந்தால் ரயில் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். ராயல் விற்காமல் போனதும் அந்தப் பிரம்மாண்ட எஞ்சினை எத்தோரே வீணாக்கவில்லை. ரயில் பெட்டியில் பூட்டினார். பிரெஞ்சு ரயில்வேக்கு 80-க்கும் மேற்பட்ட மோட்டார் ரயில்கள் செய்து கொடுத்தார், கம்பெனி முப்பதுகளைத் தாக்குப் பிடித்ததே அதனால்தான். ஐம்பதுகள் வரை அவை ஓடின. ஒன்று இங்கே நிற்கிறது. ஓட்டுநர் அறை முன்னால் இல்லை, கூரையின் நடுவே மேடு போல எழும்பி நிற்கிறது. கீழே நான்கு ராயல் எஞ்சின்கள். 1933-ல் ஜனாதிபதி ஆல்பேர் லெப்ரன் இந்த வகை ரயிலில் பயணம் செய்ததால் 'பிரெசிதான்சியேல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ராயல் எஞ்சின் கடைசியில் ஒரு நாட்டுத் தலைவரைச் சுமந்தது இப்படித்தான். ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்தைக் காலையிலும் இதை மதியத்திலும் வைத்துக்கொண்டால் இரண்டையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.