விற்கப் போன பிறகுதான் தெரிந்தது, பங்குச் சான்றிதழே இல்லை என்று

எங்கள் நெல் உலர்த்திக் கம்பெனியைக் கோயம்புத்தூர்க்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தது 2024 பிப்ரவரியில். விலை பேசி முடிக்க நான்கு நாள் ஆனது. பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை பேரம் முறிந்துபோகும் நிலைக்கு வந்தது. இயந்திரத்தைக் களத்தில் ஓட்டிப் பார்த்ததோடு அதைப் பற்றிய கேள்விகளை முடித்துக்கொண்டார்கள். மீதி அத்தனை சிக்கலும் காகிதத்தில்தான். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க இப்போது தம்பி தங்கைகள் கம்பெனி தொடங்குகிறார்கள். நான் பட்ட அலைச்சலை அவர்கள் படக் கூடாது.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 குறுவையில் அப்பாவின் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழைக்கு நடுவே அறுத்த நெல் 22-ல் நின்றது. ரோட்டில் கொட்டிக் காயவைத்து, இரவு தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் திறந்தால் குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அந்த வாரத்திலேயே நானும் கல்லூரி நண்பனும் பட்டறை அண்ணனிடம் போய் நின்றோம். டிராக்டரில் இழுத்துக்கொண்டு போகிற, உமியில் எரிகிற, களத்துக்கே வருகிற உலர்த்தி. அதுதான் எங்கள் சரக்கு.

முதல் இயந்திரம் வேகமாகக் காயவைத்தது. ஆனால் அரவை மில்காரர் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமி நீங்கிய அரிசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒவ்வொன்றின் குறுக்கிலும் மயிரிழை போல வெடிப்பு. “பாதி குருணையாகப் போய்விடும் தம்பி” என்றார். நாங்கள் 60 டிகிரியில் காற்றை ஊதிக்கொண்டிருந்தோம். 43-க்குக் கீழே இறக்கி, நடுநடுவே நெல்லை ஆறவிட்ட பிறகுதான் முழு அரிசி கிடைத்தது. விதைநெல்லுக்கு அந்த 43-ஐத் தாண்டவே கூடாது, முளைப்பு கெடும். 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக இருக்கிறது. மாதிரிகளை அங்கே கொண்டுபோய்க் காட்டியதில் எங்களுக்கு ஓராண்டு மிச்சமானது. இந்தக் கட்டத்தில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது வேறொரு தகராறு வந்தது. “என் நெல்லில் எடை குறைந்துவிட்டதே, எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்டார்கள். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல் 17-க்கு வரும்போது 94 கிலோதான் நிற்கும். போன 6 கிலோவும் தண்ணீர். இதை வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை. இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் இயந்திரத்தின் பக்கத் தகட்டில் எழுதிவைத்து, உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் கண்ணெதிரே எடை போட்டோம். அடுத்த பட்டத்தில் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் முன்பு சண்டை போட்டவர்கள்.

2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழைக்குப் பிறகு டெல்டாவில் ஈரப்பத வரம்பை 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். எங்கள் அப்பா உட்பட விவசாயிகளுக்கு அது பெரிய ஆறுதல். எங்கள் வண்டிகளோ இரண்டு வாரம் கொட்டகையில் நின்றன. ஒரே ஒரு எண்ணை நம்பித் தொழில் நடத்துகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பெரிய கை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நான் நினைக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2019-ல் கம்பெனி பதிவு செய்தோம். பங்குதாரர்கள் மூன்று பேர்: நான், நண்பன், மாமா. மாமா வீடுதான் பதிவு அலுவலகம். முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீது கேட்டார்கள். இணைப்பு, காலமாகிப் பல ஆண்டுகளான தாத்தா பெயரில் இருந்தது. பெயர் மாற்றி முடிப்பதற்குள் கையிலிருந்த ரசீதுக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது, மறுபடி புது ரசீது. கிராமத்து வீட்டில் அலுவலகம் வைப்பவர்கள் முதலில் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். புதுத்தொழில்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் ஒரு தொல்லையும் இல்லாமல் வந்தது.

அதன் பிறகு இயந்திரத்தோடு இயந்திரமாகக் கிடந்தோம். 2024-ல் வாங்குபவர்களின் ஆடிட்டர் 64 இனங்கள் கொண்ட பட்டியல் அனுப்பினார். மூன்றாவது இனம்: பங்குச் சான்றிதழ்களின் நகல். எங்களிடம் சான்றிதழே இல்லை. பதிவான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது. எங்கள் பழைய ஆடிட்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கான முத்திரைக் கட்டணமும் கட்டவில்லை. இன்னொன்றும் கிளம்பியது. பங்குக்காக நண்பன் போட வேண்டிய பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வராமல், அவன் கையிலிருந்து நேரே பட்டறைக்கு இரும்புத் தகடு வாங்கப் போயிருந்தது. பங்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது என்று 180 நாளுக்குள் அரசுக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதையும் தாமதமாகக் கொடுத்து அபராதக் கட்டணம் கட்டியிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம், தீர்மானம், புதிய தாக்கல் என்று இரண்டு மாதம் கரைந்தது.

இதெல்லாம் பணத்தால் தீர்ந்த விஷயம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது நண்பனின் 30 சதவீதம்.

அவன் 2021-ல் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். போகும்போது, “பாதியை நீ வைத்துக்கொள்” என்று பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தான். அதை நான் பத்திரமாக இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். பத்திரமாக வைத்ததுதான் தவறு. எழுதிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்தப் படிவம் கம்பெனியிடம் முறைப்படி வந்து பதிவாக வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அது வெறும் தாள். சட்டப்படி 30 சதவீதமும் அவனுடையது. “முழுப் பணமும் எனக்குத்தான்” என்று அவன் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பேசியது பேசியதுதான்டா, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்” என்றான். எல்லோருக்கும் இப்படி ஒரு நண்பன் வாய்க்க மாட்டான். யார் எத்தனை ஆண்டு உழைத்தால் எவ்வளவு பங்கு, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைச் சேர்ந்து டீ குடிக்கிற காலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் லீவு எடுத்து வர முடியாததால், அவன் சார்பில் நான் கையெழுத்திட எனக்குப் பவர் பத்திரம் எழுதித் தந்தான். இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்கு எடுத்துப் போனேன். முதல் நாள், “சார் லீவு.” இரண்டாம் நாள், “எழுதிக் கொடுத்தவர் நேரில் வர வேண்டும்.” அவர் மஸ்கட்டில் இருப்பதால்தானே பவரே எழுதினார் என்று கேட்டதற்கு அந்த எழுத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வாசலில் இருந்த பத்திர எழுத்தர் பெரியவர் ஒருவர்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியது தம்பி, இங்கே எத்தனை நாள் நின்றாலும் நடக்காது” என்றார். உள்ளே இருந்தவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்று நாள் சம்பளத்தோடு ஒரு டிரைவரைச் சும்மா உட்காரவைத்துவிட்டு நான் அலைந்தேன்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குபவர்களின் வக்கீல் ஏற்கவில்லை. காரணம் இனிஷியல். கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் நண்பன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அவன் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பவர் பத்திரத்தில் இருந்தது பாஸ்போர்ட் பெயர் மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி இல்லை. தமிழர்களான நமக்கு இது புரிகிறது, ஆனால் பத்திரத்துக்குப் புரியாது. மறுபடி தூதரகம், மறுபடி கூரியர். இந்த முறை ‘இன்ன பெயராலும் இன்ன பெயராலும் அறியப்படும்’ என்று இரண்டு பெயரும் போட்டு, தனியே ஓர் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்தோம். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள். பத்திரம் என்றைக்கு இந்தியாவுக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அதோடு முடியவில்லை. ஆதாரோடு இணைக்காததால் அவனுடைய பான் 2023 ஜூலையிலிருந்து செயலிழந்து கிடந்தது. வெளிநாட்டில் குடியிருப்பவரிடம் பங்கு வாங்கினால் வாங்குபவர் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். பான் செயலிழந்திருந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர் தன் குடியிருப்பு நிலையை வருமான வரி அதிகாரிக்குத் தெரிவித்தால் பான் உயிர் பெறும். அவன் தெரிவித்து, அது சரியாவதற்கு ஐந்து வாரம் ஆனது.

உலர்த்திக்கான காப்புரிமை விண்ணப்பம் நான், நண்பன் இருவரின் சொந்தப் பெயரில் இருந்தது. அதைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து, விண்ணப்பதாரரை மாற்றும் ஆறாம் எண் படிவமும் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் தனிநபருக்கும் கட்டணம் ஒன்றுதான். முதலிலேயே கம்பெனி பெயரில் போடுங்கள்.

கடைசியாகக் கேட்டது உமி அடுப்பின் வரைபடம். அது ஒரு கணினியிலும் இல்லை. பட்டறை அண்ணன் வீட்டுச் சுவரில் சாக்பீஸில் இருந்தது. அளவுகள், சாய்வு, உமி இறங்கும் வாயின் அகலம், அடித்துத் திருத்திய எண்கள், எல்லாம் ஐந்து ஆண்டுப் புகையேறிய சுவரில். அவர் எங்கள் ஊழியர் அல்லர். அந்த அடுப்பில் பாதி அவருடைய யோசனை. அந்த உரிமையை அவர் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும் என்று வக்கீல் சொன்னபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவர் கேட்டது ஒன்றுதான்: “எனக்கும் இதில் கை உண்டு என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா?” எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். கையெழுத்திட்டார்.

அக்டோபரில் பங்குகள் கை மாறின. என் பங்குச் சான்றிதழை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த மாதத்தில்தான். அடுத்த வாரமே அதன் பின்பக்கத்தில் புதிய உரிமையாளர் பெயர் எழுதப்பட்டது. தொகையைச் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. அதில் பத்து சதவீதத்தை, பழைய பாக்கி ஏதாவது கிளம்பினால் கழித்துக்கொள்வதற்காக ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். விற்பவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும், வரப்போகும் முழுத் தொகையையும் நம்பிக் கடன் அடைக்கும் தேதியைக் குறிக்காதீர்கள். ஒன்றும் கிளம்பவில்லை. 2025 அக்டோபரில் அது முழுதாக வந்து சேர்ந்தது. அதிலிருந்து எழுதிய முதல் காசோலை பட்டறை அண்ணனுக்கு.