சக்தி இருக்கா? ஒரு புதுத் தட்டுக்கு ஒன்பது மாத அலைச்சல்

தபேலா கலைஞர் ஜாகிர் உசேன் காலமான பிறகு, அவர் வாசித்த 'சக்தி' இசைக்குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமான 'திஸ் மொமென்ட்'டை ரெக்கார்டாக வாங்க முடியுமா என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புலம்புவதற்குப் பதில் இங்கேயே மொத்தமாகப் புலம்பிவிடுகிறேன்.

ஆசை வந்த கதை சின்னது. அப்பாவிடம் சக்தியின் முதல் எல்.பி. இருக்கிறது, 1976-ல் வெளிவந்தது. விக்கு விநாயக்ராமின் கடத்துக்காகவே பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985-ல் அந்த மார்க்கெட் எரிந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் "நல்லவேளை, இதை முன்னாடியே வாங்கிட்டேன்" என்று முடிப்பார். 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. அப்பா தட்டுக்குப் பக்கத்தில் மகன் தட்டை வைக்கலாமே என்று தோன்றியது. போனில் பாட்டு கேட்கும் செயலியில் ஆல்பம் இருந்தது. ஆனால் அது ரெக்கார்டாக வந்ததா என்று எந்தச் செயலியும் சொல்லாது.

சரி, கடையில் கேட்போம், ரெக்கார்டை இப்போது வினைல் என்றுதானே சொல்கிறார்கள் என்று 'வினைல் சென்னை' எனத் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன்.

"சொல்லுங்க சார், எத்தனை சதுர அடி?"

"சதுர அடியா? ஒண்ணே ஒண்ணுதான் வேணும்."

"ஒண்ணுன்னா சைஸ் சொல்லுங்க சார். கடை போர்டா, கார் ஸ்டிக்கரா?"

ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை. நம் ஊரில் வினைல் என்றால் முதலில் பேனரும் ஸ்டிக்கரும்தான். அதற்கப்புறம் 'எல்.பி. ரெக்கார்டு' என்றே தேடினேன், பேசினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது அலைச்சலுக்கு என்னைத்தான் குறை சொல்ல வேண்டும். பழைய ரெக்கார்டு விற்கும் ஒருவரிடம் போனில் "சக்தி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார், நல்ல கண்டிஷன், நேரில் வாங்க" என்றார். சனிக்கிழமை தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து, மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி வேகாத வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். மனிதர் பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டி, பயபக்தியோடு நீட்டினார். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டு. உறையில் சூலம், குங்குமம், வேப்பிலை. சக்திதான், மறுக்க முடியாது.

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. மோர் கொடுத்தார். புது ஆல்பம் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டு, "கேசட் வந்ததும் இங்கே தட்டு போடுறதையே விட்டுட்டாங்க சார். என்கிட்ட வர்றதெல்லாம் யாரோ வீட்டைக் காலி பண்ணும்போது போட்டுட்டுப் போறது" என்றார். 1908-லேயே கல்கத்தாவில் இசைத்தட்டு அச்சடிக்கத் தொடங்கிய நாடு இது. 1928-ல் டம்டமில் பெரிய ஆலையும் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் புதுத் தட்டு எங்கே கிடைக்கும் என்று பழைய தட்டு விற்பவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கையோடு அம்மன் பாட்டையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அம்மாவுக்கு ஆடி மாதம் முழுக்க அதுதான் ஓடியது.

மூன்றாவதுதான் இன்னமும் வயிற்றெரிச்சல். ஆன்லைன் கடை ஒன்றில் ஆல்பத்தின் பெயர், பக்கத்தில் 'வினைல்' என்ற வார்த்தை, அட்டைப்படம். விலை 1,900 ரூபாய். வெளிநாட்டுத் தட்டு இவ்வளவு மலிவாக வருமா என்று மூளை கேட்டது, விரல் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து வந்த பெட்டி ஒரு பாக்கெட் நாவல் அளவுதான் இருந்தது. எந்த மந்திரம் போட்டாலும் பன்னிரண்டு அங்குலத் தட்டு அதற்குள் போகாது. உள்ளே சி.டி.

வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தால், "சார், நீங்கள் ஆர்டர் செய்த ஆல்பம்தானே வந்திருக்கிறது?" என்கிறார் அந்தப் பெண். ஆமாம், ஆல்பம் அதேதான். "பாட்டு மாறியிருக்கிறதா சார்?" இல்லை, மாறவில்லை. "அப்படியென்றால் தவறான பொருள் என்று பதிவு செய்ய முடியாது சார்." ரெக்கார்டு வேறு, சி.டி. வேறு என்று இருபது நிமிடம் விளக்கினேன். கடைசியில் தட்டின் படத்தை வரைந்து அளவு குறித்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது, அனுப்பும் செலவைக் கழித்துக்கொண்டு.

அந்தக் கடுப்பில்தான் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். விற்பனைப் பக்கத்தில் கீழே கிடக்கும் அளவையும் எடையையும் பாருங்கள். எல்.பி. உறை ஒரு பக்கம் 31 சென்டிமீட்டர் இருக்கும், எடை 200 கிராமுக்குக் குறையாது. 14 சென்டிமீட்டர், 100 கிராம் என்று போட்டிருந்தால் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது சி.டி.தான். பார்கோடு எண்ணையும் ஒப்பிடலாம். ஒரே ஆல்பமானாலும் சி.டி.க்கு ஒரு எண், எல்.பி.க்கு வேறு எண். நான் ஏமாந்த பக்கத்தில் இரண்டுமே போட்டிருந்தது. படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிய ஆள் நான்.

இதையெல்லாம் தேடுவதற்குச் சரியான இடம் டிஸ்காக்ஸ். 2000-லிருந்து இருக்கும் தளம், ரெக்கார்டு பைத்தியங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது. அங்கே ஓர் ஆல்பத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும், ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் உண்டு. மொத்தப் பட்டியலைத் திறந்து வினைலை மட்டும் வடிகட்டினால் பதில் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது: இருக்கிறது! ஆறு மாதம் ஊரெல்லாம் கேட்ட கேள்விக்கு நாற்காலியை விட்டு எழாமலேயே பதில். ஆனால் 'அன்அஃபிஷியல்', அதாவது அனுமதியில்லாமல் அடித்தது, என்று குறித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். யாரோ சி.டி.யிலிருந்தே தட்டு அடித்து விற்பதாகக்கூட இருக்கலாம்.

ஆனால் இருப்பது வேறு, கிடைப்பது வேறு. புது ஆல்பங்களைப் பெரும்பாலும் சில நூறு, சில ஆயிரம் என்றுதான் அச்சடிக்கிறார்கள். தீர்ந்தால் மறு அச்சு வந்தால்தான் உண்டு. சில சமயம் ஆல்பம் ஆன்லைனில் வந்து பல மாதம் கழித்துத்தான் தட்டு வரும், ஏனென்றால் அச்சு ஆலைகளில் வரிசை அப்படி. அதனால் வெளியான வாரத்தில் 'வினைல் இல்லை' என்று தெரிந்தால் மனம் விட வேண்டாம். ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்தக் கடையில் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள். முன்பதிவு அங்கேதான் முதலில் தெரியும்.

(புதுத் தமிழ்ப் படப் பாட்டைத் தட்டில் தேடுகிறவர்களுக்கு: பெரும்பாலான படங்களுக்குத் தட்டே போடுவதில்லை. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, காத்திருக்காதீர்கள்.)

வெளிநாட்டுக் கடை ஒன்றில் சீல் பிரிக்காத பிரதி கிடைத்தது. தட்டு விலையில் பாதிக்கு மேல் தபால் செலவு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது கூரியரிலிருந்து குறுஞ்செய்தி: பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, கே.ஒய்.சி. அனுப்பவும்.

ஆதாரை ஏற்றினேன். நிராகரிப்பு. மறுபடி ஏற்றினேன். மறுபடி நிராகரிப்பு, 'பெயர் பொருந்தவில்லை' என்று. விஷயம் இன்ஷியல். வெளிநாட்டுக் கடையின் படிவம் 'கடைசிப் பெயர்' இல்லாமல் நகர மறுத்ததால் அப்பா பெயரை முழுசாகப் போட்டிருந்தேன். ஆதாரில் இருப்பது ஒற்றை எழுத்து. சென்னையில் உட்கார்ந்திருக்கும் கூரியர் அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம், "சார், பார்சலில் இருப்பவர் யார், நீங்கள் யார்?" என்று கேட்டார். "அது எங்கப்பா. நான் அவர் மகன். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்" என்று உளறியிருக்கிறேன், கோபத்தில்.

கடைசியில் காப்பாற்றியது பான் அட்டை. அதில் அப்பா பெயர் தனி வரியில் முழுசாக இருக்கிறது அல்லவா, ஆதாரோடு சேர்த்து அதையும் அனுப்பியதும் அன்று மாலையே ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் சுங்க வரி, அதன் மேல் கூரியரின் கையாளும் கட்டணம். மொத்தத் தொகையை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டில் ஆர்டர் செய்யும்போது ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைப் போடுங்கள். கடைசிப் பெயர் கேட்டால் அந்த ஒற்றை எழுத்தையே தட்டிப் பாருங்கள், பல தளங்கள் வாங்கிக்கொள்ளும்.

நவம்பரில் பெட்டி வந்தது. இந்த முறை அளவு சரியாக இருந்தது, ஒரு மூலை மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. அப்பா என்னை விடவில்லை, அவரே பிரித்தார். தட்டை வெளியே எடுத்து, விரல் படாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இதையும் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் என்னால் முடியாது.

"லேசா வளைஞ்சிருக்கு."

"ஓடுமாப்பா?"

பதில் சொல்லவில்லை. தட்டை வைத்து, ஊசியை இறக்கி, அது மேலும் கீழும் மெதுவாக அசைவதை ஒரு சுற்று, இரண்டு சுற்று பார்த்தார். முதல் பாட்டு மாண்டலின் சீனிவாஸ் நினைவாகப் போட்டது. தபேலா வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அவருடைய பழைய சக்தியை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, புது உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல விக்கு மகன் எந்த இடத்துல வாசிக்கறான், சொல்லு பார்ப்போம்?"