சுரண்டிப் பார்க்க அரை மணி, அதற்கு அலைந்தது பதினொரு நாள்

கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணான அம்மாவின் கண் தப்பிவிட்டது. முழுசாக இல்லை, ஆனாலும் தப்பிவிட்டது. போன வாரம்தான் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். ஆற்றாமை இன்னும் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன். வீட்டில் யாராவது வயல் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் படித்து வையுங்கள்.

கரும்பில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரிக்கும்போது அதன் நுனி இடது கண்ணில் கீறிவிட்டது. அன்றைக்கே தெருவில் ஒரு பாட்டி நாக்கால் துழாவித் தூசி எடுத்திருக்கிறார். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் தாய்ப்பால் வாங்கி விட்டிருக்கிறார்கள். எனக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் நாள் மெடிக்கலில் ‘கண் சிவந்திருக்கு’ என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து. விட்டதும் சிவப்பு குறைந்தது, உறுத்தலும் அடங்கியது. அம்மா திரும்பவும் சோகை உரிக்கப் போய்விட்டார். அந்த இரண்டு நாள் நிம்மதிதான் எங்களைக் கவிழ்த்தது.

அந்தப் பாட்டிலில் எறும்பு ஊர்கிற எழுத்தில் டெக்ஸாமெத்தசோன் என்று போட்டிருந்ததை நான் படித்தது வெகு பிற்பாடு. ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அமுக்கும். இலை கீறின இடத்தில் பூஞ்சை ஏறியிருந்தால், அதை எதிர்க்கிற உடம்பின் சக்தியையும் சேர்த்து அமுக்கும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களும் இதே வகைதான். கண்ணில் இலையோ உமியோ பட்டிருந்தால், டாக்டர் பார்க்காமல் இவற்றில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

ஏழாம் நாள் கருவிழியில் வெள்ளையாய் ஒரு புள்ளி. இரவு பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். மறுநாள் சனிக்கிழமை, அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டு இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, கண் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார் என்றார்கள். சீட்டு போடும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “நீங்க கண்ணுன்னு சொல்லவே இல்லையேம்மா” என்றார் கவுன்டரில் இருந்தவர். அம்மா ஒரு கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் எதிரில்தான் நின்றார்.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக். ஆன்டிபயாடிக் சொட்டு, கண்ணை மூடி ஒரு கட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பத்தாம் நாள் ராத்திரி அம்மா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைப் பிரித்தால் கருவிழிக்குக் கீழே சீழ் தேங்கி ஒரு கோடு. விடியற்காலை முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரி.

அங்கே நடந்தது இவ்வளவுதான். மரத்துப் போக ஒரு சொட்டு. குட்டிக் கத்தி ஒன்றால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார்கள். லேப் பெண் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “வந்து பாருங்கக்கா” என்று கூப்பிட்டார். கிளை கிளையாய்ப் பிரிந்து ஓடுகிற பூஞ்சை இழைகள், நடுநடுவே கணுக் கணுவாய்க் குறுக்குக் கோடு. கரும்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லட்ச ரூபாய் மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. இதற்குத்தான் பதினொரு நாள் அலைந்திருக்கிறோம். முதல் டாக்டரிடமே “சுரண்டிப் பார்த்தீங்களா?” என்று கேட்கத் தெரியாமல் போச்சு.

எழுதிக் கொடுத்தது நட்டாமைசின் 5 சதவீதம், பூஞ்சையைக் கொல்கிற சொட்டு மருந்து. நான் இணையத்தில் மேய்ந்துவிட்டு வோரிகோனசோல் என்று புதுசு ஒன்று இருக்கிறதே, விலை பரவாயில்லை என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். இரண்டையும் ஒப்பிட்டு அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆய்வு நடந்து, 2013-லேயே முடிவு வந்துவிட்டதாம். இந்த மாதிரி இழைப் பூஞ்சைக்குப் பழைய நட்டாமைசின்தான் மேல். நம் ஊர்க் கண்களை வைத்தே கண்டுபிடித்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, முதல் இரண்டு நாள் ராத்திரியிலும். போனில் அலாரம் வைத்துவிட்டு அம்மா காலடியிலேயே படுத்துக்கொண்டேன். மருந்து பால் மாதிரி இருக்கும், அடியில் மண்டி தங்கும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் கண்ணில் விழும். இதை யாரும் சொல்லவில்லை, அட்டைப்பெட்டியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாட்டில் ஒரு வாரம்கூட வரவில்லை. எங்கள் டவுனில் ஐந்து மெடிக்கல் ஏறி இறங்கினேன். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து, ஒரு கடையிலும் இல்லை. ஐந்தாவது கடைக்காரர் “இதுவும் அதேதான், பூஞ்சைக்குத்தான்” என்று ஒரு பாட்டிலை நீட்டினார். பார்த்தால் ஃப்ளூகோனசோல். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டதில், அது நட்டாமைசினுக்கு ஈடாகாது என்று உறுதியாகச் சொன்னார்கள். அடுத்த தடவை போனபோது அங்கேயே நான்கு பாட்டில் வாங்கி வந்துவிட்டேன். நீங்களும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். வலி போனதும் “சரியாயிடுச்சு, போதும்” என்பார்கள், மருந்தை நிறுத்த விடாதீர்கள். எங்கள் அம்மா இரண்டாவது வாரத்திலேயே பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

புண் ஆறிவிட்டது. இருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணால் விரலை எண்ணிச் சொல்கிறார், முகம் பனிமூட்டத்துக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறதாம்.

முதலில் மருந்து கொடுத்த மெடிக்கலுக்கு அந்தப் பழைய பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாருக்கும் இதைத்தாம்மா கொடுக்கறோம். யாரும் திரும்பி வந்து கேட்டதில்லையே” என்றார்.