பிச்சாவரம் அணியில் ஒரு சிதம்பரத்துக்காரி

கணவருக்கு டெல்லிக்கு மாற்றல். மயூர் விஹாரில் குடியேறியபோது எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஊர் சிதம்பரம் என்றால் "மெட்ராஸா?" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். தரவு அறிவியல், 2020இல் தொடங்கியது. பாடமெல்லாம் காணொலியில்; தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

அங்கே மாணவர்களை 'ஹவுஸ்' என்று அணிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்டின் பெயர்: காசிரங்கா, கன்ஹா, சுந்தரவனம், நீலகிரி. எனக்கு விழுந்தது பிச்சாவரம். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் போய் இறங்குகிற இடம்! கோரக்பூர் பையனும் இந்தோர் பெண்ணும் தங்களைப் பிச்சாவரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதையும், இடுக்கான கால்வாயில் துடுப்புப் படகு நுழையும்போது கிளைக்குத் தலை குனிய வேண்டியிருப்பதையும் சொன்னேன். டெல்லி வந்தபிறகு என் ஊரைப் பற்றி ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்காக எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ராத்திரி கூகுள் மீட்டில் சேர்ந்து படிக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு இந்திக்குப் போய்விடும். சொன்னால் 'சாரி' கேட்டு மாறுவார்கள், மறுபடி நழுவும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கூட்டமாக இருப்பவர்களுக்குத் தாங்கள் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே உறைப்பதில்லை.

சலித்துப்போய் ஒரு தமிழ்க் குழுவில் சேர்ந்தேன். பைத்தான் நிரல்மொழியில் எண்களை வரிசையாகத் தருகிற 'ரேஞ்ச்' ஏன் கடைசி எண்ணைத் தொடாமல் நின்றுவிடுகிறது என்று நான் கேட்டதற்கு ஒரு மதுரைத் தம்பி, "அந்த நம்பர் வேலிக்கு அந்தப் பக்கம்க்கா" என்றான். புரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அதில் ஒரு பாலக்காட்டுப் பெண் வாயே திறக்காமல் இருந்தாள். எங்கள் சென்னை ஜோக்கும் சினிமா வசனமும் அவளுக்குப் பாதி எட்டவில்லை. நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது இரண்டு குழுவிலும் இருக்கிறேன். தமிழ்க் குழுவில் அவள் வரும் நாளில் ஆங்கிலம் என்று பேசி வைத்திருக்கிறோம், அதுவும் அவ்வப்போது நழுவத்தான் செய்கிறது. இந்தியும் ஓரளவு வந்துவிட்டது. என்ன, படிப்பு வழியாக வந்த இந்தி. நிகழ்தகவுக் கணக்கை அதில் விளக்கிவிடுவேன்; காய்கறி வண்டியில் கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்டு வாங்கத்தான் இன்னும் பக்கத்து வீட்டு அக்கா கூட வர வேண்டியிருக்கிறது.