எறும்புச் சாரையின் மணவழி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், சர்க்கரை டப்பாவை நோக்கிச் சென்ற எறும்புச் சாரையின் குறுக்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன். துடைத்த இடத்தின் விளிம்புக்கு வந்த எறும்புகள் உணர்கொம்புகளை அசைத்தபடி தடுமாறி நின்றன. நான் அழித்தது, முன்னே சென்றவை தரையில் இட்டிருந்த ஃபெரோமோன் தடத்தை; ஃபெரோமோன் என்பது பூச்சிகள் தம் இனத்துக்குச் செய்தி சொல்லச் சுரக்கும் மணப்பொருள். உணர்கொம்பின் நுண்மயிர்த் துளைகள் வழியே நுழையும் மண மூலக்கூறுகள், உள்ளிருக்கும் நரம்பு ஏற்பிகளைத் தொட்டதும் மின்துடிப்புகள் எழுகின்றன.

முதன்முதலில் வேதியமைப்பு அறியப்பட்ட பூச்சி ஃபெரோமோன், பெண் பட்டுப்பூச்சி ஆணை ஈர்க்கச் சுரக்கும் பாம்பிகால். அதைப் பிரித்தெடுக்க ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளைப் பயன்படுத்தி, 1959-இல் அதன் வேதியமைப்பை வெளியிட்டனர் என்பது என்னை இன்றும் மலைக்க வைக்கிறது. ஆண் பூச்சியைச் சிறகடிக்கச் செய்யவோ, பாம்பிகாலின் மிகச் சொற்ப மூலக்கூறுகளே போதும்.

சற்று நேரத்தில் ஓர் எறும்பு ஈரத்தைக் கடந்தது. அதன் பின்னால் சாரை மீண்டும் உருவாயிற்று.