சாகேத்தி: தந்தம் 10 அடி, ஆட்டோ 500 ரூபாய்

காலா அம்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். புதைபடிவப் பூங்கா இருக்கும் சாகேத்திக்கு 600 ரூபாயாம்! ஹரியானா எல்லையைத் தாண்டி இமாச்சலுக்குள் கொஞ்ச தூரம்தான். "அங்கே யாருமே போறதில்லை, திரும்பி வர சவாரி கிடைக்காது" என்று நியாயம் வேறு. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மல்லுக்கட்டி, காத்திருந்து கூட்டிவர 500-க்கு இறக்கினேன். அதுவே அநியாயம்தான். நாலு பேராகப் போனால் வலிக்காது.

மார்க்கண்டா ஆற்றங்கரையில் இருக்கிறது சிவாலிக் புதைபடிவப் பூங்கா. 1974-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அமைத்தது. மரங்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் இங்கே வாழ்ந்து அழிந்துபோன மிருகங்கள், நிஜ அளவில் பைபர் கிளாஸில். ஸ்டெகோடான் கணேசா என்ற யானைதான் ராஜா. தந்தமே 10 அடிக்கு மேல்! இரண்டும் அவ்வளவு நெருக்கமாகக் கிளம்புவதால், நடுவே தும்பிக்கை தொங்க இடமிருந்திருக்காது, பக்கவாட்டில்தான் போட்டிருக்கும் என்கிறார்கள். பக்கத்தில் நீர்யானை. கீழ்த்தாடையில் ஆறு முன்பற்கள்; இன்றைய ஆப்பிரிக்க நீர்யானைக்கு நாலுதான்.

குழந்தைகள் பொம்மைகளோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் நேராக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். உள்ளே இந்த மலையிலேயே கிடைத்த அசல் புதைபடிவங்கள், அதாவது கல்லாகிப்போன எலும்புகள், இருக்கின்றன. ஸ்டெகோடானின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தால், ஓட்டுக்கூரை போல வரிவரியாக மேடுகள். இமயம் உயர உயர அதிலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணலும் சேறும் இந்த எலும்புகளை மூடின. பிறகு அந்த வண்டல் படுகையே மேலெழுந்து குன்றாகிவிட்டது. இப்போது மழை அரிக்க அரிக்க எலும்பு வெளியே தலைநீட்டுகிறது.

14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டியபோதே ராட்சத எலும்புகள் கிடைத்ததாக வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதிவைத்திருக்கிறார். 1830-களில் கால்வாய்ப் பொறியாளர் காட்லியும், சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த மருத்துவர் பால்கனரும் சிவாலிக் குன்றுகளைச் சல்லடை போட்டார்கள். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்து ராட்சதன் சிவாதீரியத்துக்கு 1836-ல் பெயர் வைத்ததும் இவர்கள்தான். காட்லி தன் சேகரிப்பை மூட்டை கட்டி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். சிவன் பெயர், கணேசன் பெயர் எல்லாம் வைத்துவிட்டு சாமியை மட்டும் கப்பலேற்றினால் எப்படி?

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். காத்திருப்புக் கட்டணம் தனியாம். தரவில்லை.

ஆங், எப்படிப் போவது என்று சொல்லவே இல்லையே! அம்பாலாவிலிருந்து நாஹன் போகும் பஸ் காலா அம்ப் வழியாகத்தான் போகும். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஆட்டோவில் ஏறும் முன் "காத்திருப்பும் சேர்த்துத்தானே?" என்று இரண்டு தடவை கேட்டுவிடுங்கள்.